எஸ்ஸன் சந்தையில் பார்த்த புதுக் குடும்ப ஆட்டங்கள்: எது நம் வீட்டில் நிற்கும்?

ரூர்க்குருவி | 7 அக்டோபர் 2024

எல்லோருக்கும் வணக்கம். ஜெர்மனியின் எஸ்ஸன் நகரத்தில் நடக்கிற ‘ஷ்பீல்’ பலகை ஆட்டச் சந்தை நேற்று முடிந்தது. நான்கு நாளில் இரண்டு நாள் போனேன். வியாழன் தனியே, சனிக்கிழமை மகளோடு. வியாழக்கிழமை ஜெர்மன் ஒற்றுமை நாள் என்பதால் நாடு முழுக்க விடுமுறை. யூ11 ரயிலில் நல்லூர்த் தேர் அன்று வீதியில் நிற்கிற நெருக்கம். ஆளுக்கொரு பெரிய காலிப் பை தோளில். பின்னேரம் அதே ஆட்கள் அதே பையைத் தூக்க முடியாமல் தரையில் இழுத்துக்கொண்டு வருவார்கள்.

போகாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இது 1983 முதல் நடக்கிற சந்தை, யாரும் டிக்கெட் எடுத்து உள்ளே போகலாம். மேசையில் உட்கார்ந்து விளையாடிப் பார்த்த பிறகு வாங்கலாம், அதுதான் இதன் சுகம். ஒவ்வொரு மேசைக்கும் விதி சொல்லித்தர ஒருவர் நிற்பார். ஜெர்மனில் அவருக்குச் செல்லப் பெயர் ‘எர்க்லேர்பேர்’, அதாவது விளக்கக் கரடி. நல்ல கரடி கிடைத்தால் ஐந்து நிமிடத்தில் ஆட்டம் தொடங்கிவிடும். கெட்ட கரடியிடம் மாட்டினால் எழும்பி ஓடவும் முடியாது, இருக்கவும் முடியாது.

எங்கள் வீட்டில் ஆறு பேர். நான், கணவர், மகள் (11), மகன் (8), என் அப்பா, அம்மா. அம்மாவுக்கு ஜெர்மன் வாசிக்கத் தெரியாது, ஆகவே அட்டையில் எழுத்து நிறைய இருந்தால் அவர் விலகிவிடுவார். மகன் தோற்றால் கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்துக்கொள்வான். அப்பாவுக்கு அரை மணிக்கு மேல் கதிரை தாங்காது. இந்தக் கணக்கோடுதான் மண்டபம் மண்டபமாக நடந்தேன்.

முதலில் ஹார்மனிஸ். லிபெல்யூட் நிறுவனம் இந்த வருடம் வெளியிட்டது. ஆளுக்கொரு சின்னப் பலகை, அதில் அறுகோணக் கட்டங்கள். நடுவில் ஐந்து இடங்களில் மும்மூன்று மர வில்லைகள் இருக்கும். உங்கள் முறை வரும்போது ஒரு மூன்றை அள்ளி உங்கள் பலகையில் வைக்க வேண்டும். நீலம் ஆறு, மஞ்சள் வயல், சாம்பல் மலை, மண்ணிறம் அடிமரம், பச்சை இலை. பச்சையைத் தனியாக வைத்தால் 1 புள்ளி. ஒரு அடிமரத்தின் மேல் வைத்தால் 3, இரண்டின் மேல் வைத்தால் 7. கூடவே விலங்கு அட்டைகள் இருக்கின்றன. அந்த விலங்குக்கு வேண்டிய இடத்தை, இன்ன நிறத்துக்குப் பக்கத்தில் இன்ன உயரம் என்று, நீங்கள் கட்டிக் கொடுத்தால் ஒரு கட்டையை அங்கே குடிவைக்கலாம். குடிவைத்த வில்லையின் மேல் பிறகு எதையும் ஏற்ற முடியாது. என் மகள் அங்கேதான் மாட்டினாள். ஏழு புள்ளி மரமாக வளர்க்க வைத்திருந்த ஒற்றை அடிமரத்தில் அவசரப்பட்டு விலங்கைக் குடியேற்றிவிட்டாள். அந்த மரம் கடைசி வரை மொட்டையாகவே நின்றது. வீடு வரும் வரை அதே பேச்சு. வாங்கிவிட்டோம்.

அடுத்தது ஃபாரவே. இது போன வருடமே பிரெஞ்சில் வந்தது, கேட்ச் அப் கேம்ஸின் ஆட்டம். சின்னப் பெட்டி. இதைப் பற்றித் தனியே எழுத வேண்டும், இரவு எழுதுகிறேன். அதே நிறுவனத்தின் ‘காஸில் காம்போ’ என்ற ஆட்டம் புதிது. ஒன்பது அட்டையை மூன்றுக்கு மூன்றாக அடுக்கினால் ஆட்டம் முடிந்தது. நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அட்டை முழுக்கக் குறியீடு. அம்மாவுக்கு ஒவ்வொன்றையும் நான் வாசித்துச் சொல்ல வேண்டிவரும். வைத்துவிட்டேன்.

பெகாசுஸ் நிறுவனத்தின் கடையில் ஒரு மேசையைச் சுற்றிக் கூட்டம் நின்று கத்திக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். பாம் பஸ்டர்ஸ் என்று பெட்டியில் இருந்தது. நான் நிற்கவில்லை.

---

மூன்றுபுலி | 7 அக்டோபர் 2024

சகோதரி, நல்ல பதிவு. ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை. முப்பது நாற்பது யூரோ கொடுத்து மர வில்லை அடுக்குகிறீர்கள். நம் ஆடுபுலி ஆட்டத்துக்கு என்ன குறை? மதுரைப் பக்கம் பழைய கோயில் மண்டபங்களில் தரையைப் பாருங்கள், கல்லிலேயே கட்டம் கீறியிருக்கும். 3 புலி, 15 ஆடு. பகடை கிடையாது, அதிர்ஷ்டம் கிடையாது. ஒரு பக்கத்துக்கு வெட்டும் பலம், இன்னொரு பக்கத்துக்கு எண்ணிக்கை. இரண்டு தரப்புக்கும் வெவ்வேறு விதி வைத்து ஆட்டம் செய்வது இன்று பெரிய புதுமை என்கிறார்கள். நம் பாட்டிமார் கரித்துண்டால் தரையில் கோடு போட்டு, புளியங்கொட்டையை ஆடாக வைத்து அதைத்தான் ஆடினார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஜெர்மன்காரர்கள் வீட்டுக்கு வீடு வைத்திருக்கிற, லூடோ மாதிரியான ‘மென்ஷ் எர்கெரே டிஷ் நிஷ்ட்’ நம் பச்சீசியின் பேரப்பிள்ளைதான். பாம்பும் ஏணியும் நம் பரமபதம். சரக்கு நம்முடையது, பெட்டி அவர்களுடையது.

---

ஸ்கார்பரோ சித்தி | 8 அக்டோபர் 2024

மூன்றுபுலி தம்பி, ஆடுபுலி இரண்டு பேர் ஆட்டம். ஆறு பேர் உள்ள வீட்டில் மிச்ச நாலு பேர் என்ன செய்வது, புல் மேய்வதா?

பரமபதத்தை விடுங்கள். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க நானும் ஆடியிருக்கிறேன். அதில் நாம் முடிவு செய்கிற விஷயம் ஒன்றும் இல்லை. பகடை சொல்கிற கட்டத்துக்குப் போக வேண்டியது, பாம்பு கடித்தால் இறங்க வேண்டியது. தாயத்தில் எந்தக் காயை நகர்த்துவது என்றாவது யோசிக்கலாம். குருவி தேடுவது நடுவில் உள்ள ஒன்றை என்று நினைக்கிறேன். கொஞ்சம் யோசனையும் வேண்டும், எட்டு வயதுப் பிள்ளை தாத்தாவை வெல்ல வழியும் இருக்க வேண்டும்.

ஹார்மனிஸ் எங்கள் வீட்டிலும் இருக்கிறது. எனக்கு ஒரு குறை. அவரவர் பலகையில் அவரவர் குனிந்துகொண்டு இருக்கிறார்கள். ஒரு பந்தியில் உட்கார்ந்து ஆளுக்கொரு இலையில் சாப்பிடுவது மாதிரி. பக்கத்து இலையில் என்ன விழுந்தது என்று ஒரு தரம் எட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான். கேட்டன் என்ற பண்டமாற்று ஆட்டம் ஆடும்போது அப்படி இல்லை. “எனக்கு ஒரு செங்கல் தா, இரண்டு ஆடு தருகிறேன்” என்று வீடே சந்தையாகிவிடும்.

---

தாயக்கட்டை | 8 அக்டோபர் 2024

சித்தி சொல்வது சரி, ஆனால் அந்தச் சந்தையில் சண்டையும் உண்டு. கேட்டனில் 7 விழுந்தால் கையில் ஏழுக்கு மேல் அட்டை வைத்திருப்பவர் பாதியைத் தொலைக்க வேண்டும். அப்புறம் திருடன் வந்து உட்காருவான். என் அக்கா மகன் எட்டு அட்டை சேர்த்து வைத்து, ‘அடுத்த முறை நகரம் கட்டுவேன்’ என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தான். என் மாமனார் 7 போட்டார். நாலு அட்டை போனது, அதோடு திருடனை அவன் கோதுமை வயலிலேயே கொண்டுபோய் வைத்தார். பையன் அந்த வருடம் பொங்கலுக்கு அவர் வீட்டுக்குப் போகமாட்டேன் என்று அடம்.

இருந்தாலும் கேட்டன் இல்லாமல் இந்தக் கதையே இல்லை. 1995ல் க்ளாவுஸ் டாய்பர் அதைக் கொண்டுவந்தபோது அவருக்குப் பிழைப்பு பல் கட்டும் ஆய்வகத்தில். போன வருடம் ஏப்ரலில் காலமானார். யாரும் ஆட்டத்தை விட்டு வெளியே போக வேண்டியதில்லை, கடைசி வரை எல்லோரும் மேசையில் இருக்கலாம் என்ற பழக்கத்தை உலகம் முழுக்கப் பரப்பியதில் அதற்குப் பெரிய பங்கு. மோனோபோலியில் முதலில் திவாலாகிறவர் எழுந்து டிவி பார்க்கப் போக வேண்டியதுதானே.

சென்னையில் எங்கள் கஷ்டம் வேறு. இறக்குமதிப் பெட்டி என்றால் விலை ஏகத்துக்கு ஏறிவிடுகிறது. நான் இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கிய கேட்டனில் சாலைக் குச்சி இரண்டு குறைவு. பெட்டி வேறு மழையில் நனைந்து ஊறியிருந்தது. திருப்பி அனுப்பப் பார்த்தேன், பதிலே இல்லை. ஐஸ் குச்சியை நறுக்கிச் சிவப்பு நெயில் பாலிஷ் அடித்துவிட்டோம். இப்போது அந்த இரண்டு சாலைக்குத்தான் வீட்டில் போட்டி.

---

கடைப்பையன் | 8 அக்டோபர் 2024

நான் தெற்கு ஜெர்மனியில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் வேலை பார்க்கிறேன். திருச்சிக்காரன். மறுபக்கத்துக் கதையையும் கொஞ்சம் சொல்கிறேன்.

எஸ்ஸன் மக்களுக்கான சந்தை என்றால் நூரெம்பெர்க் பொம்மைச் சந்தை வியாபாரிகளுக்கு மட்டும். 1950ல் தொடங்கியது. ஜனவரி கடைசியில் நடக்கும். கொரோனா காரணமாக 2021லும் 2022லும் நடக்கவில்லை. அங்கே ஒரு பெட்டிகூடக் கையில் வாங்கி வர முடியாது, ஆர்டர்தான். அலமாரியில் வைத்திருக்கிற பெட்டிகளில் பாதிக்கு உள்ளே ஒன்றும் இருக்காது. வசந்தத்தில் வரப்போகும் ஆட்டத்தின் வெறும் மேலுறை.

ஆட்டத்தை ஆடிப் பார்த்துக் கடைக்காரர் முடிவு செய்கிறார் என்று நினைக்காதீர்கள். எங்கள் முதலாளி பெட்டியைத் தூக்கியதும் முதலில் பக்கவாட்டைப் பார்ப்பார். எத்தனை பேர், எத்தனை வயது, எத்தனை நிமிடம். 45 நிமிடத்துக்கு மேல் என்று இருந்தால் முகம் சுருங்கும். அடுத்து பெட்டியைச் செங்குத்தாக நிறுத்திப் பார்ப்பார், எங்கள் அலமாரித் தட்டில் நுழையுமா என்று. மூன்றாவதாகத்தான் உள்ளே என்ன இருக்கிறது என்ற கேள்வி வரும்.

அப்புறம் சிவப்புக் காய். ‘ஷ்பீல் டெஸ் யாரெஸ்’, வருடத்தின் சிறந்த ஆட்டத்துக்கான பரிசு, 1979 முதல் கொடுக்கிறார்கள். நடுவர்கள் விமர்சகர்கள், தயாரிப்பாளர்கள் கிடையாது. பணமுடிப்பு எதுவும் இல்லை. ஜெயித்த ஆட்டம் பெட்டியில் அந்தச் சிவப்புக் காய்ச் சின்னத்தைப் போட்டுக்கொள்ளலாம், அதற்குத் தயாரிப்பாளர் உரிமக் கட்டணம் கட்டுவார். பரிசு கொடுக்கிற சங்கம் அந்தப் பணத்தில்தான் நடக்கிறது. டிசம்பரில் கடைக்கு வரும் பாட்டிமார் ஆட்டத்தின் பெயரைச் சொல்லமாட்டார்கள். “இந்த வருடத்துச் சிவப்புக் காய் இருக்கா?” என்பார்கள். நாங்கள் எடுத்துக் கொடுப்போம், உள்ளே என்ன என்று அவர்கள் பார்ப்பதுகூட இல்லை.

குருவி அக்கா, அந்தப் பாம் பஸ்டர்ஸை ஏன் விட்டுவிட்டீர்கள்? எங்கள் ஆட்கள் எஸ்ஸனில் இருந்து வந்து அதைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

---

ரூர்க்குருவி | 8 அக்டோபர் 2024

ஃபாரவே பற்றி எழுதுகிறேன் என்று சொன்னேன்.

ஆளுக்கு மூன்று அட்டை கையில். எல்லோரும் ஒரே நேரத்தில் ஒன்றைக் கவிழ்த்து வைத்துத் திறப்போம். ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு எண் உண்டு. சின்ன எண் போட்டவர் அடுத்த அட்டையை முதலில் பொறுக்கலாம். பெரிய எண் போட்டவருக்கு மிச்சம்தான். ஆனால் உங்கள் முந்தைய அட்டையைவிடப் பெரிய எண் போட்டால் கோயில் அட்டை ஒன்று கூடுதலாகக் கிடைக்கும். இப்படி எட்டு அட்டை, இடமிருந்து வலமாக. அவ்வளவுதான் ஆட்டம்.

விஷயம் கணக்குப் பார்க்கும்போதுதான் இருக்கிறது. எட்டையும் கவிழ்த்துவிட்டு, கடைசியாக வைத்ததிலிருந்து ஒவ்வொன்றாகத் திரும்பத் திறந்துகொண்டு வர வேண்டும். எட்டாவது அட்டை புள்ளி கேட்கும்போது கோயில் அட்டைகளைத் தவிர அதற்கு வேறு துணை இல்லை. முதல் அட்டை புள்ளி கேட்கும்போது எட்டும் திறந்து நிற்கும். ஆக ‘திறந்த அட்டைகளில் நாலு கல் படம் இருந்தால்தான் எனக்குப் புள்ளி’ என்று பெரிய ஆசையோடு இருக்கிற அட்டையை, கையில் ஒன்றும் இல்லாத முதல் நாளே வைத்துவிட வேண்டும். கல் எல்லாம் பிறகு வரும் என்ற நம்பிக்கையில். வராமல் போனால் போச்சு.

விளக்கக் கரடி இதைச் சொன்னபோது எனக்கு ஏறவில்லை. முதல் ஆட்டத்தில் மேசையில் இருந்த நான்கு பேருமே தலைகீழாக ஆடிவிட்டோம். அம்மாவிடம் வீட்டில் சொன்னபோது அவர் ஒரே வரியில் பிடித்துக்கொண்டார். “சீட்டுப் பிடிக்கிற மாதிரிச் சொல்லன். முதல் மாதமே காசைக் கழிச்சு எடுக்கிறதோ, கடைசிவரை பொறுக்கிறதோ எண்டதுதானே.” சரியாக அது இல்லை, ஆனால் அவருக்கு அது போதும். முதல் ஆட்டத்திலேயே எங்களை வென்றார். அட்டையில் எழுத்தே கிடையாது, எல்லாம் படம், நிறம், எண். ஆறு பேர் ஆடலாம். அரை மணி. அப்பாவின் கதிரைக் கணக்குக்கும் சரி.

கடைப்பையன் தம்பி, பாம் பஸ்டர்ஸ் பற்றிக் கேட்டீர்கள். நாங்கள் வன்னியில் இருந்து வந்த குடும்பம். அம்மா ஊரில் பங்கரில் இருந்த நாட்களைப் பற்றிக் கதைப்பதே இல்லை. புத்தாண்டு இரவு இங்கே ஜெர்மன்காரர் வெடி கொளுத்தும்போது அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அவர் முன்னால் மேசையில் குண்டை வைத்து ‘எந்த வயரை வெட்டுவது’ என்று என்னால் விளையாட முடியாது. ஆட்டம் கெட்டது என்று சொல்லவில்லை. அந்தப் பெட்டி எங்கள் வீட்டுக்கு இல்லை.

---

கடைப்பையன் | 9 அக்டோபர் 2024

புரிகிறது அக்கா. யோசிக்காமல் கேட்டுவிட்டேன், மன்னிக்கவும்.

---

மூன்றுபுலி | 9 அக்டோபர் 2024

இந்த இடத்தில் நானும் கொஞ்சம் அடக்கி வாசிக்கிறேன். ஃபாரவே விளக்கம் நன்றாக இருந்தது. திரும்பி வரும்போது கணக்கு என்பது புது யோசனைதான், ஒத்துக்கொள்கிறேன். ஒன்றுதான், அதிர்ஷ்டம் எவ்வளவு? வேண்டிய அட்டை நடுவில் வரவேயில்லை என்றால்?

---

தாயக்கட்டை | 9 அக்டோபர் 2024

வராமலும் போகலாம். அதனால்தான் எட்டு வயதுப் பையன் ஜெயிக்க முடிகிறது. உங்கள் ஆடுபுலியில் நன்றாக ஆடத் தெரிந்த தாத்தாவைப் பேரன் பத்து வருடத்துக்குத் தொட முடியாதே. தெரிந்தவருக்குப் பத்தில் ஆறு ஜெயம் கிடைக்க வேண்டும், பத்தில் பத்து கிடைக்கக் கூடாது. குடும்ப ஆட்டத்துக்கு நான் வைத்திருக்கிற கணக்கு இது.

இன்னொரு விஷயம். இந்தச் சிவப்புக் காய் ஆட்டம் ஒன்றை நம்மில் பாதிப் பேர் தெரியாமலே ஆடியிருக்கிறோம். ஸ்காட்லாந்து யார்டு. 1983ல் அந்தப் பரிசு வாங்கியது. இங்கே ஃபன்ஸ்கூல் பெட்டியில் வந்தது. டாக்ஸி, பஸ், பாதாள ரயில் டிக்கெட், தப்பி ஓடுகிற மிஸ்டர் எக்ஸ் தலையில் போட்டுக்கொள்ளும் தொப்பி. மூன்றாவது, எட்டாவது, பதிமூன்றாவது நகர்வில் அவர் முகத்தைக் காட்டியாக வேண்டும். கோடை விடுமுறையில் மொட்டை மாடியில் எத்தனை மதியம்!

---

ஸ்கார்பரோ சித்தி | 10 அக்டோபர் 2024

ஐயோ, ஸ்காட்லாந்து யார்டு! அதில் எங்கள் வீட்டுப் பெரிய பிரச்சினை என் மைத்துனர். துப்பறிபவர்கள் எல்லோரும் ஒரே அணிதானே, அவர் ஒருவரே ஐந்து பேருக்கும் யோசிப்பார். “நீ 67க்குப் போ, நீ பஸ் எடு, நீ சும்மா இரு.” மிச்ச நாலு பேரும் காயைத் தள்ளுகிற கூலி. எல்லோரும் ஒரே அணியாக ஆடுகிற ‘பண்டமிக்’ ஆட்டம் வாங்கினோம், அதிலும் அதே நாட்டாமை. சேர்ந்து ஆடுகிற ஆட்டம் என்றாலே எனக்கு அந்த மனுஷன் ஞாபகம்தான் வருகிறது.

---

கடைப்பையன் | 12 அக்டோபர் 2024

நாட்டாமை பிரச்சினைக்கு மருந்து, ஒருவர் கையில் இருப்பது இன்னொருவருக்குத் தெரியாமல் இருப்பதுதான் சித்தி. அப்படிப்பட்ட ஆட்டங்கள் இப்போது நிறைய வருகின்றன. உங்கள் மைத்துனருக்கு எதுவும் தெரியவில்லை என்றால் என்ன உத்தரவு போடுவார்?

இந்த வருட எஸ்ஸனுக்கு 2,04,000 பேர் வந்திருக்கிறார்கள். 2019ல் 2,09,000. கொரோனாவில் விழுந்தது கிட்டத்தட்ட எழுந்துவிட்டது.

---

மூன்றுபுலி | 12 அக்டோபர் 2024

சும்மா கேட்கிறேன். அத்தனை ஆட்டங்களில் அடுத்த வருடம் எத்தனை உயிரோடு இருக்கும்?

---

கடைப்பையன் | 12 அக்டோபர் 2024

அண்ணா, கடைக்காரன் வாயால் சொல்லக் கூடாது. மிகச் சில. மிச்சம் பாதி விலைக்குக் கூடையில் கிடக்கும். போன வாரம்தான் ஒரு கூடையை நானே நிரப்பினேன்.

---

தாயக்கட்டை | 25 மே 2025

பழைய இழையைத் தூசி தட்டுகிறேன். சிவப்புக் காய் இறுதிப் பட்டியல் வந்துவிட்டது. பாம் பஸ்டர்ஸ், ஃப்ளிப் 7, க்ராகல் ஒராக்கல். குருவியின் ஃபாரவே, கொஞ்சம் அனுபவம் உள்ளவர்களுக்கான கென்னர்ஷ்பீல் பட்டியலில் எண்டெவர் டீப் சீ, லூட் ஆகியவற்றோடு நிற்கிறது. அம்மாவிடம் சொல்லுங்கள், முதல் ஆட்டத்திலேயே ஜெயித்தது ‘அனுபவசாலிகள்’ ஆட்டம் என்று.

---

ரூர்க்குருவி | 26 மே 2025

சொன்னேன். “அப்ப எனக்கும் ஒரு காய் தருவினமோ?” என்று கேட்டார்.

ஹார்மனிஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சித்தி சொன்ன இலைக் கதை உண்மைதான். ஆனால் மகனுக்கு அதுதான் பிடித்திருக்கிறது. அவன் கட்டினதை யாரும் வந்து உடைக்க முடியாது. தோற்றாலும் தன் பலகையைப் படம் எடுத்து வைத்துக்கொள்கிறான். கட்டிலுக்குக் கீழே போவது நின்றுவிட்டது.

---

கடைப்பையன் | 20 ஜூலை 2025

பாம் பஸ்டர்ஸ் ஜெயித்துவிட்டது. ஜப்பானியர் ஹிசாஷி ஹயாஷி உருவாக்கிய ஆட்டம். கடையில் இருந்தது இரண்டே நாளில் காலி. கென்னர்ஷ்பீல் எண்டெவருக்குப் போனது.

சித்திக்காக ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கொரு ஸ்டாண்ட், அதில் வயர்ச் சில்லுகள் சிறியதிலிருந்து பெரியதாக வரிசையாக நிற்கும். உங்களுடையது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். 1 முதல் 12 வரை நீல வயர், ஒவ்வொன்றிலும் நாலு. என்னிடம் ஒரு 8 இருந்தால், உங்கள் வரிசையில் ஒன்றைக் காட்டி “இது 8” என்று நான் சொல்ல வேண்டும். சரியென்றால் இரண்டையும் வெட்டலாம். தப்பென்றால் குண்டின் முள் வெடிப்பை நோக்கி ஒரு படி நகரும், அந்த வயரின் உண்மை எண் எல்லோருக்கும் தெரியவரும். சிவப்பு வயரைத் தொட்டால் குண்டு வெடித்து ஆட்டம் முடிந்தது. வரிசையாக அடுக்கியிருப்பதால் ஊகிக்கலாம். பன்னிரண்டில் ஐந்தாவதாக நிற்பது 2 ஆக இருக்க வாய்ப்பு குறைவு, அப்படி. பேச்சில் துப்புக் கொடுக்கக் கூடாது. 66 கட்டங்கள், ஒவ்வொன்றிலும் விதி கொஞ்சம் மாறும். மைத்துனர் வாயை மூடித்தான் ஆக வேண்டும்.

---

ஸ்கார்பரோ சித்தி | 20 ஜூலை 2025

அதற்காகவே வாங்குகிறேன்.

---

ரூர்க்குருவி | 3 ஆகஸ்ட் 2025

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். சரி, எழுதுகிறேன்.

மகள் எங்கள் நகர நூலகத்தில் இருந்து பாம் பஸ்டர்ஸை இரவல் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். இங்கே நூலகங்களில் புத்தகத்தோடு ஆட்டப் பெட்டியும் தருவார்கள். அவளுக்கு நான் இங்கே எழுதியது எதுவும் தெரியாது. நான் பெட்டியை அலுமாரிக்கு மேல் ஏற்றி வைத்தேன். சனிக்கிழமை நான் வேலையால் வந்தபோது சமையலறை மேசையில் மூன்று பேர் இருந்தார்கள். மகள், மகன், என் அப்பா.

அப்பா ஊரில் லைன்மேனாக இருந்தவர். கம்பத்தில் ஏறி வயர் மாட்டின ஆள். அவர் சில்லுகளைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “ரெட், யெல்லோ, புளூ. இது திரீ பேஸ் அல்லோ” என்றார். பிள்ளைகளுக்கு விளங்கவில்லை. ஒரு பேப்பரை எடுத்து மூன்று கோடு கீறி, ஊரில் மில்லுக்கு மூன்று பேஸ் போகிறது, வீட்டுக்கு ஒன்று வருகிறது, ஆகையால்தான் பக்கத்து வீட்டில் வெளிச்சம் இருக்க எங்கள் வீட்டில் இருட்டு என்று விளக்கினார். அரை மணி ஆட்டம் ஒன்றரை மணி நேரம் போனது. கதிரை தாங்காது என்ற மனுஷன் எழும்பவில்லை.

அதற்குள் பெட்டியின் மூடியைக் காணவில்லை. மகள் அதைக் கவிழ்த்துச் சில்லுப் போடும் தட்டாக வைத்திருந்தாள். முள் உள்ள வட்டத்துக்கு அப்பா ‘மீட்டர்’ என்று பெயர் வைத்துவிட்டார். தப்பாகச் சொன்னால் ‘பியூஸ் போகப்போகுது’. சிவப்பை வெட்டினால் ‘கரண்ட் அடிச்சிட்டுது’.

அம்மா கொஞ்ச நேரம் வாசலில் நின்றார். பிறகு தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு மகனுக்குப் பின்னால் நின்று அவன் ஸ்டாண்டைப் பார்த்தார். “அம்மம்மா, சொல்லக் கூடாது!” என்று அவன் கத்தினான். அவர் சொல்லவில்லை, ஆனால் போகவும் இல்லை. ஆறாவது கட்டம் வரை நின்றார்.

ஐந்து பேர்தான் ஆடலாம். நாங்கள் ஆறு. யாராவது ஒருவர் நிற்கத்தான் வேண்டும் என்று அவரே சொல்லிவிட்டார்.

---

மூன்றுபுலி | 3 ஆகஸ்ட் 2025

குருவி, ஐயாவுக்கு ஆடுபுலி தெரியுமா? இரண்டு பேர் ஆட்டம். அம்மாவும் அவரும் உட்காரலாம். மரத்தில் ஒரு பலகை செய்து வைத்திருக்கிறேன். அனுப்ப முகவரியைத் தனிமடலில் போடுங்கள். ஆட்டுக்குப் புளியங்கொட்டை நான் வைக்கவில்லை, விதை என்று சுங்கத்தில் பிடித்துக்கொள்வார்கள். அங்கே கிடைக்கும்தானே?

---

ரூர்க்குருவி | 3 ஆகஸ்ட் 2025

தமிழ்க் கடையில் கொட்டையோடேயே புளி கிடைக்கிறது அண்ணா. முகவரி அனுப்பிவிட்டேன். அம்மா கேட்கச் சொன்னார்: புலிகள் மரமா, கல்லா?

---

மூன்றுபுலி | 4 ஆகஸ்ட் 2025

பித்தளை. பழைய தராசுப் படிக்கல் மூன்று.